கறிக்குச் சூடு கூடணும்... காபிக்குச் சூடு குறையணும்!

"டீன்னா நாக்கு சுடணும். ஆறின டீயைக் குடிக்கிறதும் கழனித்தண்ணி குடிக்கிறதும் ஒண்ணு!"

என் பெரியப்பா அடிக்கடி சொல்லும் வசனம் இது. டீக்கடைக்காரர் ஆற்றுவதற்குக் கையைத் தூக்கினாலே, "ஆத்தாதேப்பா, அப்படியே கொடு" என்று பதறுவார். ஆவி பறக்கும் டீ, நாலே மடக்கில் உள்ளே போய்விடும். அடுத்து ஒரு பீடி.

அவருக்கு இன்னொரு பிரியம், காட்டுக்கறி. இளவட்ட வயசில் கூட்டாளிகளோடு போய் உடும்பு பிடித்ததையும், அதன் ரத்தத்தைப் பச்சையாகக் குடித்ததையும் பொங்கலுக்குப் பொங்கல் எங்களுக்குச் சொல்வார். நாங்கள் முகம் சுளித்தால் சிரிப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், "சோறு நெஞ்சுல நிக்குதுடா" என்றார். வாயுத் தொல்லை என்று சோடாவும் பெருங்காயமுமாக மூன்று மாதம் ஓட்டினார். பிறகு இட்லியே இறங்கவில்லை. எண்டோஸ்கோப்பி செய்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பெரியவரே, டீயை ரொம்பச் சூடாக் குடிப்பீங்களோ?"

உணவுக்குழாயில் புண். சதை எடுத்துச் சோதித்ததில் நல்ல வேளையாகப் புற்றுநோய் இல்லை. முடிவு வரும்வரை அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாருக்குமே சாப்பாடு இறங்கவில்லை!

எந்த ருசியும் கேவலமில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். ஒருவருக்கு அமிர்தமாக இருப்பது இன்னொருவருக்கு அருவருப்பாக இருக்கும். மழை விட்டதும் ஈசல் பிடித்து, வறுத்து, அரிசிப்பொரியோடு கலந்து சாப்பிடுவது நம் கிராமங்களில் பழைய வழக்கம். நாகாலாந்தில் பட்டுப்புழுவின் கூட்டுப்புழு, மெக்சிகோவில் வெட்டுக்கிளி, பிரான்சில் பூண்டும் வெண்ணெயும் சேர்த்த நத்தை. சின்ன வயசில் வீட்டில் எதைப் பார்த்துப் பழகினோமோ, அதுதான் பெரும்பாலும் நமக்கு ருசி. இதில் உயர்த்தி, தாழ்த்தி கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வருகிறவர்கள் ஈசல் பக்கம் போகாதீர்கள். இறாலில் அலர்ஜியைக் கிளப்பும் புரதத்துக்கு நெருங்கிய உறவான புரதம் பூச்சிகளிலும் இருக்கிறது.

அப்படியானால் ஆபத்து எங்கே? சூட்டில்தான்! கறியில் சூடு குறைந்தால் ஆபத்து. குடிக்கிற பானத்தில் சூடு கூடினால் ஆபத்து.

பச்சை ரத்தம் பலமா?

'உடும்புப் பிடி' என்கிறோம். அதன் ரத்தத்தைக் குடித்தால் அந்தப் பிடி நமக்கும் வந்துவிடும் என்பது நம்பிக்கை. இடுப்பு வலி போகும், ஆண்மை கூடும் என்றெல்லாம் சொல்வார்கள். இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் வேறொன்று வரலாம்.

எலியின் நுரையீரல் ரத்தக்குழாயில் வாழும் ஒரு புழு உண்டு. அதன் குஞ்சுகள் எலியின் கழிவு வழியாக வெளியே வரும். நத்தை அதைத் தின்னும்போது நத்தைக்குள் போகும். நத்தையை உடும்பு தின்றால் உடும்புக்குள் போகும். அந்த நத்தையையோ உடும்பையோ மனிதன் பச்சையாகச் சாப்பிட்டால், புழு நேராக மூளையைத் தேடிப் போகும்! மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு... இது ஒருவகை மூளைக்காய்ச்சல். கேரளத்தில் உடும்பைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வந்ததை டாக்டர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2010-ல் நண்பர்கள் விளையாட்டாகச் சவால் விட, 19 வயது இளைஞர் ஒருவர் ஓடில்லாத நத்தை ஒன்றை விழுங்கினார். இதே புழு. ஒரு வருஷத்துக்கும் மேல் கோமாவில் கிடந்தார். கண் விழித்தபோது கை, கால் விளங்கவில்லை. 2018-ல் இறந்துபோனார்.

மூலத்துக்கு நல்லது என்று நத்தைக்கறி சாப்பிடுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. மூலம் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ருசிக்காகச் சாப்பிடுவதென்றால் நன்றாகக் கொதிக்க வேகவைத்துச் சாப்பிடுங்கள். அரைவேக்காடு வேண்டவே வேண்டாம். நத்தையைக் கழுவிய கையையும் பாத்திரத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எந்தக் கறியாக இருந்தாலும் துண்டின் நடுப்பகுதிவரை 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏற வேண்டும். வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியக்கூடாது. காட்டுப்பன்றிக் கறியில் தசைக்குள் ஒளிந்திருக்கும் புழு உண்டு. உப்பில் ஊறவைத்தாலும், புகையில் வாட்டினாலும் அது செத்துவிடும் என்று நம்பமுடியாது.

சட்டமும் உண்டு

"வேகவெச்சுச் சாப்பிட்டா உடும்பு சாப்பிடலாமா சார்?" என்று கேட்காதீர்கள். உடும்பு, காட்டுமுயல், கௌதாரி, மயில் எல்லாமே 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. உடும்பு அதில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது, குறைந்தபட்ச அபராதத்தையும் 25,000 ரூபாயாக்கிவிட்டார்கள்.

காட்டுக்கறி ருசிதான் வேண்டுமென்றால் பண்ணையில் வளர்க்கும் காடை இருக்கிறது, பண்ணை முயல் இருக்கிறது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால், எங்கள் பெரியப்பாவே ஒப்புக்கொள்வார்!

காபி குற்றவாளி அல்ல

இப்போது டீக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் ஒரு முடிவைச் சொன்னது. 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை 'அநேகமாக உண்டாக்கக்கூடியது'. காபியோ டீயோ அல்ல, சூடுதான் காரணம். தினம் தினம் வெந்து, ஆறி, மறுபடி வெந்து போகும் இடத்தில் செல்கள் தாறுமாறாக வளரத் தொடங்கலாம்.

ஈரானில் கோலஸ்தான் என்ற பகுதியில் 50,000 பேரைப் பல வருஷங்கள் கவனித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 டிகிரிக்கு மேல் சூடான டீயைத் தினம் 700 மில்லிக்கு மேல் குடித்தவர்களுக்கு, குறைந்த சூட்டில் குறைவாகக் குடித்தவர்களைவிட ஆபத்து 90 சதவீதம் அதிகம். சீனாவில் 2018-ல் வெளியான பெரிய ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. கொதிக்கும் டீயோடு தினசரி மதுவோ புகையோ சேரும்போதுதான் ஆபத்து பல மடங்காகிறது. பெரியப்பாவின் டீயும் பீடியும் ஞாபகம் வருகிறதா?

பாட்டி வைத்த டவரா

இதற்கு மருந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது. டவரா! இரண்டு ஆற்று ஆற்றினால் நுரையும் வரும், சூடும் இறங்கும்.

• எவர்சில்வர் டம்ளரைத் துண்டு இல்லாமல் நிதானமாகப் பிடிக்க முடியவில்லையா? அந்தச் சூடு தொண்டைக்கும் வேண்டாம்.

• ஊற்றியதும் குடிக்காமல் ஐந்து நிமிஷம் பொறுங்கள். சுக்குக் காபி, ரசம், சூப் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

• டீயோடு பீடி, சிகரெட் என்ற ஜோடியைப் பிரித்துவிடுங்கள். அதை அடியோடு விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

• விழுங்கும்போது நெஞ்சில் நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்முவது இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சோடா குடிக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

பெரியப்பா இப்போது பீடியை விட்டுவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, "நல்லா ஆத்திக் கொடுப்பா" என்கிறார். கடைக்காரர்தான் இன்னும் நம்பமுடியாமல் பார்க்கிறாராம்!