ஜானி டெப்பின் குதிரைப் பண்ணை: 34 லட்சம் டாலர் சொன்ன இடம் 13.5 லட்சத்துக்குப் போனது எப்படி?

2016 டிசம்பர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு குதிரைப் பண்ணை விற்பனைக்கு வந்தது. லெக்சிங்டன் நகரத்தை ஒட்டி 41 ஏக்கர். ஆறு படுக்கையறை கொண்ட பெரிய வீடு, நீச்சல் குளம், 15 குதிரைகளைக் கட்டக்கூடிய லாயம், சுற்றிலும் வேலி போட்ட மேய்ச்சல் நிலம். சொன்ன விலை 34 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 23 கோடி ரூபாய்.

அந்த ஊரில் இதைவிடப் பெரிய பண்ணைகள் எத்தனையோ உண்டு. இது மட்டும் உலகச் செய்தி ஆனதற்குக் காரணம், உரிமையாளர் பெயர் ஜானி டெப். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தின் ஜாக் ஸ்பாரோவேதான்.

இப்படி ஒரு செய்தி வந்தால் படிப்பவர்களின் எதிர்வினை பெரும்பாலும் இரண்டே வகை. 'ஒரு மனுஷனுக்கு எதுக்கு இவ்வளவு?' என்பது ஒன்று. 'ஹீரோ வீடுன்னா சும்மாவா, நாளைக்கே யாராவது கோடீஸ்வரர் கொத்திக்கிட்டுப் போயிடுவார்' என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அவரவர் மனசுதான் பதில். இரண்டாவது கணிப்பு மட்டும் இங்கே சுத்தமாகப் பொய்த்துப்போனது.

யாரும் கொத்திக்கொண்டு போகவில்லை. விலையை 29 லட்சம் டாலராக இறக்கினார்கள். அப்பவும் ஆள் வரவில்லை. 2017 செப்டம்பரில் ஏலம் விட்டார்கள். எதிர்பார்த்த குறைந்தபட்ச விலைக்கு வராததால் அதுவும் முடியவில்லை. கடைசியில் 2020-ல் 13.5 லட்சம் டாலருக்கு, அதாவது சுமார் 10 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. முதலில் சொன்னதில் பாதிகூட இல்லை.

அப்படியென்றால் அந்தப் பெயருக்கு மதிப்பே இல்லையா?

அம்மாவுக்காக வாங்கிய இடம்

டெப் கென்டக்கிக்காரர். 1963-ல் அந்த மாநிலத்தின் ஓவன்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் குடும்பம் ஓயாமல் வீடு மாறிக்கொண்டே இருந்தது. அம்மா பெட்டி சூ ஹோட்டல்களில் பரிமாறும் வேலை பார்த்தவர். வீட்டுக்குள் அடியும் உதையும் சாதாரணம் என்று 2022-ல் வர்ஜீனியா நீதிமன்றத்தில் டெப்பே சாட்சி சொன்னார். சினிமாவில் காசு வந்த பிறகு, அம்மாவுக்காக 1995-ல் 9.5 லட்சம் டாலருக்கு வாங்கியதுதான் இந்தப் பண்ணை.

நடுவில் ஒரு வேடிக்கை. 2001-ல் 10 லட்சம் டாலருக்கு இதை விற்றுவிட்டார். நாலு வருஷம் கழித்து, 2005-ல், அதே பண்ணையைத் திரும்ப வாங்கினார். இந்த முறை கொடுத்தது 20 லட்சம் டாலர், விற்றதைப்போல இரண்டு மடங்கு. முதலீடாகப் பார்க்கிற எவரும் இதைச் செய்ய மாட்டார்கள். மனசு ஒட்டிக்கொண்ட இடத்தைத்தான் இப்படி வாங்கத் தோன்றும்.

பெட்டி சூ 2016 மே மாதம் காலமானார். அதே வருஷக் கடைசியில் பண்ணை விற்பனைக்கு வந்தது.

ஊருக்கே தெரிந்த பணப் பிரச்சினை

விற்பனைக்கு வந்த நேரமும் சரியில்லை. 2017 ஜனவரியில் டெப் தன் பழைய நிதி மேலாளர்கள் மீது வழக்குப் போட்டார். தன் பணத்தை அவர்கள் மோசமாக நிர்வகித்து ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர்கள் அதை மறுத்து எதிர்வழக்குப் போட்டார்கள். அவர் மாதம் 20 லட்சம் டாலர் செலவு செய்தார், அதில் ஒயினுக்கு மட்டும் 30,000 டாலர், எத்தனை எச்சரித்தும் கேட்கவில்லை என்பது அவர்கள் வாதம். 14 வீடுகள் என்று அவர்கள் கொடுத்த பட்டியலில் பிரான்ஸ் மாளிகை, பஹாமாஸ் தீவுகளோடு இந்தக் குதிரைப் பண்ணையும் இருந்தது.

ஒயின் கணக்குக்கு டெப் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்ன பதில் பிரபலம். 30,000 என்று சொல்வதே தனக்கு அவமானம், அதைவிட ரொம்ப அதிகம் செலவழித்தேன் என்றார்! வழக்கு 2018 ஜூலையில் சமரசமாக முடிந்தது.

யார் சொன்னது உண்மை என்பது வேறு கதை. நிலம் விற்கிறவர் நெருக்கடியில் இருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால் பேரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்குகிறவர் காத்திருப்பார். காத்திருக்கக் காத்திருக்க விலை இறங்கும். இறங்க இறங்க 'இதுல என்னமோ சரியில்ல' என்ற சந்தேகம் வரும். ஒரு முறை ஏலத்தில் நின்றுபோன சொத்துக்கு அந்தச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

ஆனால் வழக்கை மட்டும் காரணம் சொன்னால் பாதிக் கதைதான். மீதிப் பாதி அந்த மண்ணில் இருக்கிறது.

குதிரைக்காரர் எதைப் பார்க்கிறார்?

லெக்சிங்டனைச் சுற்றியுள்ள பகுதிக்கு 'புளூகிராஸ்' என்று பெயர். அடியில் சுண்ணாம்புப் பாறை. அதனால் புல்லிலும் தண்ணீரிலும் கால்சியம் அதிகம், குட்டிக் குதிரைகளின் எலும்பு உறுதியாக வளரும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. பந்தயக் குதிரை வளர்ப்பின் உலகத் தலைநகரம் என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது இந்த ஊர். 1936-ல் பந்தயம் தொடங்கிய கீன்லேண்ட் மைதானம் இங்கேதான். ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே நடக்கும் குதிரைக் குட்டி ஏலத்துக்கு உலகம் முழுக்கவிருந்து ஆட்கள் வருவார்கள்.

இன்னொரு சங்கதி. 'தரோபிரெட்' எனப்படும் பந்தய இனக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டல் மூலம் பிறக்கும் குட்டியைப் பந்தயக் குதிரையாகப் பதிவு செய்ய முடியாது. பெட்டைக் குதிரையைப் பொலிகுதிரை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். பேர்பெற்ற பொலிகுதிரைகள் பல லெக்சிங்டனைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் தொழிலும் அங்கேயே வேர்விட்டு நிற்கிறது.

அங்கே பண்ணை வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விகள் இதையொட்டித்தான் இருக்கும். மேய்ச்சல் எத்தனை ஏக்கர்? லாயத்தில் எத்தனை குதிரை கட்டலாம்? வேலி எப்படி? குதிரை மருத்துவமனை எவ்வளவு தூரம்? இந்தப் பட்டியலில் ஜாக் ஸ்பாரோ எங்கேயும் இல்லை. 'இது யார் வீடு தெரியுமா' என்று விருந்தாளியிடம் சொல்லிக்கொள்ளலாம். அதற்காக இருபது லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுக்க ஆள் வேண்டுமே!

அளவும் இடக்கு. ஒரு குதிரைக்கு ஒன்றிரண்டு ஏக்கர் மேய்ச்சல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 41 ஏக்கரில் இருபது சொச்சம் குதிரைகளுக்கு மேல் தாங்காது. பெரிய அளவில் இனப்பெருக்கத் தொழில் செய்கிறவருக்கு இது சிறிசு. வார இறுதியில் நாலு குதிரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு ரொம்பப் பெரிசு. வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை அங்கேயே சுருங்கிவிடுகிறது.

பிளாட் போட்டு விற்றிருக்கலாமே?

நம்மவர்களுக்கு உடனே தோன்றும் யோசனை இதுதான். நகரத்தை ஒட்டி 41 ஏக்கர், அதுவும் நடிகர் பெயரில். ஒரு ஆர்ச் வைத்து, ரோடு போட்டு, மனை மனையாகப் பிரித்தால் கொள்ளை லாபம் இல்லையா?

லெக்சிங்டனில் அது நடக்காது. நகரம் எது, பண்ணை நிலம் எது என்று 1958-லேயே கோடு கிழித்த ஊர் அது. அமெரிக்காவில் இப்படி நகர வளர்ச்சிக்கு எல்லை போட்ட முதல் ஊர் அதுதான். கோட்டுக்கு வெளியே கிராமப் பகுதியில் நிலத்தைப் பிரிப்பதானால் ஒவ்வொரு துண்டும் குறைந்தது 40 ஏக்கர் இருக்க வேண்டும் என்று 1999-ல் விதி வந்தது. அதற்கு முன்பு 10 ஏக்கர் போதும். 10 ஏக்கர் துண்டுகளாகப் பண்ணைகள் காணாமல் போவதைப் பார்த்துவிட்டுத்தான் விதியை இறுக்கினார்கள். அதற்கு அடுத்த வருஷம், 'என் நிலத்தில் இனி வீடு கட்ட மாட்டேன்' என்று எழுதிக் கொடுக்கும் விவசாயிகளுக்கு அதற்கான பணத்தைக் கொடுக்கும் திட்டத்தையும் நகர நிர்வாகம் ஆரம்பித்தது.

41 ஏக்கரை இரண்டாக வெட்டினால் இரண்டுமே 40-ஐ எட்டப்போவதில்லை. ஆக, அந்த நிலம் பண்ணையாக மட்டுமே கைமாற முடியும். பண்ணை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் எவ்வளவு கொடுப்பாரோ அதுதான் அதன் விலை. இது நஷ்டமா என்றால், விற்கிறவருக்கு ஆமாம். அந்த ஊருக்கோ, விமானத்தில் இறங்கும்போதே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையும் வேலியுமாகத் தெரிவதற்கு இந்த விதிகள் ஒரு முக்கியக் காரணம். நகரத்தை விரித்தால் வீட்டு விலை குறையுமே என்ற விவாதம் அங்கேயும் ஓயவில்லை. வாடகை கட்டிக்கொண்டு கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு அந்தப் பச்சை வேறு மாதிரிதான் தெரியும்.

அசையாமல் தின்னும் வீடு

'யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்' என்பார்கள். குதிரைப் பண்ணை இரண்டு விதமாகவும் தின்னும்.

சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ வரை புல் தின்னும். மேய்ச்சல் காய்ந்திருக்கும் குளிர்காலத்தில் அத்தனையும் காசு கொடுத்து வாங்கும் உலர்புல். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குதிரைக்கும் குளம்பு சீவ வேண்டும், தேவைப்பட்டால் லாடம் அடிக்க வேண்டும். லாயம் தினமும் சுத்தமாக வேண்டும். குட்டி போடும் காலத்தில் ராத்திரி முழுக்க ஆள் விழித்திருக்க வேண்டும்.

குதிரையே இல்லாவிட்டாலும் செலவு நிற்காது. புல் வளரும், வெட்ட வேண்டும். பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் மரப்பலகை வேலி மழையிலும் பனியிலும் உளுத்துப்போகும். கென்டக்கியின் அடையாளமே வெள்ளை வேலிதான் என்று போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். நேரில் போனால் பெரும்பாலும் கறுப்பு வேலிதான் கண்ணில் படும். வெள்ளை பெயின்டைவிடக் கறுப்பு மலிவு, நாள்பட வரும். அவ்வளவுதான் ரகசியம். பெரிய பணக்காரர்களே பெயின்ட் செலவுக்குக் கணக்குப் பார்க்கிற தொழில் அது.

விற்பனை விளம்பரத்தில் நீச்சல் குளமும் படுக்கையறைகளும்தான் தெரியும். வாங்குகிறவர் கண்ணில் மாதாமாதம் வரும் பில் தெரியும்.

டெப் மட்டும் அல்ல

'டாங்கே ஷோன்' பாடலால் அறியப்பட்ட லாஸ் வேகாஸ் பாடகர் வேய்ன் நியூட்டன் அரேபியக் குதிரைகளுக்காகவே ஒரு எஸ்டேட் கட்டினார். பெயர் காசா டி ஷெனான்டோவா. சுமார் 40 ஏக்கர், குதிரைகளுக்கென்றே நீச்சல் குளம், தோட்டத்தில் மயில்கள். அவர் கையைவிட்டுப் போய், அருங்காட்சியகமாக்கும் திட்டமும் வழக்கில் சிக்கியது. ஒரு கட்டத்தில் 7 கோடி டாலர் என்று விலை சொன்னார்கள். 2019-ல் விற்றது 55.6 லட்சம் டாலருக்கு. பன்னிரண்டில் ஒரு பங்கு!

மைக்கேல் ஜாக்சனின் நெவர்லேண்ட் குதிரைப் பண்ணை அல்ல என்றாலும் அதே பாதையில்தான் போனது. 2015-ல் 10 கோடி டாலர் கேட்டது, 2020-ல் 2.2 கோடிக்கு முடிந்தது.

நல்ல விலைக்குப் போனதும் உண்டு. கலிபோர்னியாவில் எடை குறைப்பு நிறுவனத்தால் புகழ்பெற்ற ஜென்னி கிரெய்க்கின் 229 ஏக்கர் குதிரைப் பண்ணையை 2014-ல் பில் கேட்ஸ் 1.8 கோடி டாலருக்கு வாங்கினார். ஜென்னி கிரெய்க் என்ற பெயருக்காகவா? கேட்ஸின் மகள் குதிரையேற்ற வீராங்கனை. அந்த வீட்டுக்குக் குதிரைப் பண்ணை நிஜமாகவே தேவைப்பட்டது.

டெப் கணக்குக்கு வருவோம். ஒரே பண்ணையை இரண்டு முறை வாங்கக் கொடுத்தது மொத்தம் 29.5 லட்சம் டாலர். இரண்டு முறை விற்று வந்தது 23.5 லட்சம். 2005-ல் கொடுத்த 20 லட்சம் விலைவாசி உயர்வோடு மட்டும் ஓடியிருந்தால்கூட 2020-ல் 26 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டிய புல்லும் அடித்த பெயின்டும் கொடுத்த சம்பளமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அம்மா இருந்த காலமும்தான்.