கேட்பதற்கும் நிலைதவறாமல் நிற்பதற்கும் காது

நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். அந்தக் காதுக்கு அது கேட்டதா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்கு நான்கு வயது; பேச்சு வரவில்லை. “ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்” என்று பெரியவர்கள் சொன்னதை நம்பிக் காத்திருந்திருக்கிறார். பரிசோதனையில், பிறந்தது முதலே இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. இன்னொரு குடும்பம் இப்படித் தாமதிக்கக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

வெளிச்செவி, நடுச்செவி, உட்செவி என்று காதுக்கு மூன்று பகுதிகள். மடல் திரட்டும் ஒலி, துளை வழியே சென்று சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள செவிப்பறையில் மோதுகிறது. அதை ஒட்டி நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். அங்கவடி என்பது குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம். அந்த வடிவில் இருப்பதால் இந்தப் பெயர். சுமார் 3 மில்லிமீட்டர் அளவுள்ள இதுதான் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. இந்த மூன்றும் அதிர்வைப் பெருக்கி உட்செவிக்குத் தருகின்றன.

உட்செவியில் நத்தைக் கூடு போல் சுருண்ட குழல் ஒன்று உண்டு. உள்ளே திரவமும், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்களும் இருக்கின்றன. அதிர்வை மின் குறிப்பாக மாற்றி நரம்பு வழியே மூளைக்கு அனுப்புபவை இவைதான். இவை ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. அழுக்கு அடைப்பையும் காதில் சீழ் வடிவதையும் பெரும்பாலும் மருத்துவத்தால் சரிசெய்யலாம். நுண்மயிர்ச் செல்கள் போய்விட்டால் காதுக்கருவியோ, உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையோதான் வழி.

அதே உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்களும் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றின் திரவம் அசைந்து, எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. பக்கத்திலுள்ள இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. நேராக இருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்பதை அவை உணர்த்துகின்றன. வயதானவர்களுக்கு இத்துகள்கள் இடம் பெயர்ந்து குழலுக்குள் போய்விடுவதுண்டு. அப்போது படுக்கையில் புரண்டாலோ, சஜ்தாவிலிருந்து தலை தூக்கினாலோ வீடே சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். பித்தம் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். மருத்துவர் தலையை முறைப்படி திருப்பிப் படுக்கவைத்தே துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார். ஆனால் தலைச்சுற்றலோடு வாய் குழறினாலோ, கை கால் பலமிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

குழந்தைகளுக்கு வருவோம். பேச்சு கேட்டுப் பழகியே வருகிறது. முதல் மூன்று வருடங்கள் அதற்கு மிக முக்கியமானவை. பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, குறை இருக்குமோ என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதே மருத்துவ உலகின் கணக்கு. முதல் பரிசோதனை குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி இல்லை. எடை குறைவாகப் பிறந்த, கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தைகளுக்கும், சொந்தத்தில் மணமுடித்தவர்களின் குழந்தைகளுக்கும் இது மிகவும் அவசியம். பெரும் சத்தத்துக்குத் திடுக்கிடாமல் இருப்பது, ஆறு மாதமாகியும் குரல் வரும் பக்கம் திரும்பாமல் இருப்பது, ஒரு வயது கடந்தும் “உம்மா” “வாப்பா” என்று ஒரு சொல்லும் வராமல் இருப்பது ஆகியவை எச்சரிக்கைகள்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதையும், ஊக்கு, பட்ஸ் விட்டுக் குடைவதையும் நிறுத்துங்கள். குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் காது கேட்காமல் போகலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. மேலே சொன்ன சிறுவனுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு நீண்ட நாள் நடக்க வேண்டும். ஒரு வயதிலேயே வந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால் காப்பீட்டு அட்டையுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் எழுதவும், மருத்துவமனைக்கு உடன் வரவும் ஆட்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.