தாமதமாக வரும் தீயணைப்புப் படை

தீயணைப்பு வண்டி எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை வைத்துத்தான் அதன் திறமையை எடைபோடுகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இந்த அளவுகோலுக்கு அகப்படாத படைகள் இருக்கின்றன. குளோரின் கசிந்தாலோ, அமிலம் கொட்டினாலோ, என்னவென்று தெரியாத பீப்பாய் சாலையோரம் கிடந்தாலோ அழைக்கப்படுகிற ரசாயன விபத்துப் படைகள் அவை. மாநிலத்தில் 351 ஊர்களும் நகரங்களும் உண்டு. படைகளோ வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறுதான். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். செலவைச் சுருக்க வந்த ஏற்பாடுதான் இது. ஆனாலும் இவ்வகை விபத்தின் இயல்புக்கே பொருந்தி வருகிறது என்பது என் கட்சி.

முதலில் ஆள் கணக்கு. தலை முதல் கால் வரை வாயு புகாத உடையை மாட்டிக்கொண்டு கசிவை நெருங்குகிறவர் தனியாகப் போகக் கூடாது. இருவராகத்தான் போக வேண்டும். அவர்கள் மயங்கி விழுந்தால் இழுத்து வர இன்னும் இருவர் தயாராக நிற்க வேண்டும். திரும்புகிறவர்களைக் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு குழு, காற்றை அளக்க, ரசாயனத்தின் குணத்தைத் தேடிச் சொல்ல, உடைக்குள் வெந்துபோகிறவர்களின் நாடி பார்க்க என்று ஆட்கள் வேண்டும். முதுகிலுள்ள உருளையின் காற்றில் போக, வர, கழுவிக்கொள்ள ஆவதைக் கழித்தால் வேலைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு வால்வை மூட இத்தனை பேர்! அமெரிக்கத் தீயணைப்பாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். சிற்றூர் நிலையம் இதைத் தனியே தாங்காது. எப்போதோ வரும் விபத்துக்கு வெட்டிச் சம்பளமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: மாசசூசெட்ஸ் படையினர் அவரவர் ஊர் நிலையத்தில் வழக்கமான வேலை பார்ப்பவர்கள். அழைப்பு வந்தால் கூடுகிறார்கள்.

வலுவான ஆட்சேபம் நேரம் பற்றியது. 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சஸின் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு தீப்பிடித்தது. தகவல் வந்து சுமார் 20 நிமிடத்தில் உள்ளிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் போனவர்கள். அந்த 20 நிமிடத்தில் எந்த வட்டாரப் படையும் கூடியிருக்காது. கூடியிருந்தால் மட்டும்? அங்கே செய்யத்தக்கது விலகி நிற்பதும் மக்களை வெளியேற்றுவதும்தான். அதற்கு விசேஷ உடை தேவையில்லை. 1988இல் கன்சாஸ் சிட்டியில் சாலைப்பணி நடந்த இடத்தில் எரிந்த டிரெய்லர்களுக்குள் வெடிமருந்து இருந்தது. வெளியே எச்சரிக்கைப் பலகை இல்லை. வேகமாக வந்த தீயணைப்பாளர்களில் 6 பேர் மாண்டார்கள். மறுபக்கம் டென்னஸியின் வேவர்லியைப் பாருங்கள். 1978 பிப்ரவரி 22 அன்று அங்கே ரயில் தடம்புரண்டது. இரண்டு நாள் கழித்து, அடிபட்ட புரொப்பேன் டேங்கரைக் காலிசெய்ய ஆயத்தமானபோது அது வெடித்து 16 பேர் இறந்தனர். நேரம் தாராளமாகவே இருந்தது. அடிபட்ட உலோகம் எந்நேரமும் பிளக்கலாம் என்று எடைபோடும் நிபுணத்துவம்தான் போதவில்லை.

ஆகவே வட்டாரப் படை பயன்படுவதும் படாததும் அதற்கு முன்னால் வந்து நிற்கும் ஊர் வண்டியைப் பொறுத்தது. டேங்கரின் நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே படிக்கலாம்: அம்மோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017, சமையல் எரிவாயுவுக்கு 1075. நம் நெடுஞ்சாலை டேங்கர்களிலும் இதே எண்கள்தான். எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதை வண்டியிலுள்ள கையேடு சொல்லிவிடும். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1986இல் வந்த அமெரிக்கச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான ரசாயனம் வைத்திருப்பவர்கள் உள்ளூர்த் தீயணைப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் வெஸ்ட் தீயணைப்பாளர்களுக்கு அந்த உரத்தின் அபாயம் பற்றிய பயிற்சி போதவில்லை என்றே விசாரணை முடிவுசெய்தது. அதனால் வட்டாரப் படையின் செலவைப் பேசும்போது, சிற்றூர்த் தன்னார்வலர் வேலை முடிந்து மாலையில் வந்து உட்காரும் வகுப்பின் செலவையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும்.