காற்றில்லாத நாளில் வரும் அலை

ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே, தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க 250 கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். ஆனால் இந்தியக் கரையில் எந்த ஊரில் படகு இறங்கினாலும், அந்தக் கடல் நாளைக்கு எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்கிறவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அமீர்பேட் நிலையத்தில் மியாப்பூர் பக்கம் போகும் மெட்ரோவில் ஏறி, ஜே.என்.டி.யூ. கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் பிரகதி நகர். அங்கே இருக்கிறது இன்காய்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். 1999-இல் தொடங்கியது. 2007 அக்டோபரிலிருந்து நாட்டின் சுனாமி முன்னெச்சரிக்கை மையமும் இங்கேயே இயங்குகிறது. ஜாவாவும் பைத்தானும் படிக்க அமீர்பேட்டுக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அவர்களுடைய விடுதி அறையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு முழுப் பெருங்கடலையே இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள்.

என் நண்பர் கூட்டமும் அந்த விடுதி அறைகளில் உருவானதுதான். வேலை கிடைத்துத் திசைக்கொருவராகப் போன பிறகும், கோடை முடிவதற்குள் ஒருமுறை எங்காவது கடலோரம் கூடுவது எங்கள் வழக்கம். அப்படிக் கூடியபோதுதான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், முட்டம் பக்கத்தில், எஞ்சின் பூட்டிய ஃபைபர் வள்ளம் ஒன்றில் கரையை ஒட்டிப் போனோம். மே மாதக் கடைசி. ஜூன் 1 வந்தால் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும்; ஜூலை 31 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்றும் வந்துவிடும். ஆனி, ஆடிக் கடல் எப்படியிருக்கும் என்று அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். அதற்கு முந்தைய அந்தச் சில நாட்களில்தான் கடல் படுத்துக் கிடக்கும். காற்று இல்லை. தண்ணீரில் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. பருவமழைக்கு முன்பு தென்கிழக்கு அரபிக்கடலின் மேற்பரப்பு 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். உலகப் பெருங்கடல்களிலேயே மிக வெதுவெதுப்பான பகுதிகளில் ஒன்றாக அந்த வாரங்களில் அது மாறிவிடுகிறது. வெயில் தெளிவாக அடிக்கிறது. மேல்நீரைக் கீழ்நீரோடு கலக்கக் காற்று இல்லை. அதனால் சூடு மேலேயே தங்கிவிடுகிறது.

கரையிலிருந்து கொஞ்சம் விலகியதும் வள்ளக்காரர் எஞ்சினை அணைத்தார். சத்தம் அடங்கியபோதுதான் அது புலப்பட்டது. வள்ளம் மெல்ல மேலே போனது. மெல்லக் கீழே வந்தது. பக்கவாட்டில் ஆட்டம் இல்லை, தெறிப்பு இல்லை, எங்கும் நுரை இல்லை. எண்ணெய் பூசியதுபோல் பளபளத்த நீர்ப்பரப்பு அப்படியே எழுந்து தாழ்ந்தது. வள்ளக்காரர் தென்மேற்கைப் பார்த்தபடி, "காத்து இல்ல மக்களே, ஆனா நீரு தூக்குது. இது இங்கத்த அலை இல்ல," என்றார். எங்களில் ஒருவன் போனை எடுத்து, ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை எத்தனை வினாடி என்று பார்த்தான். ஏறக்குறைய 18.

கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஓர் எண்தான் வேண்டும் என்றால் நான் இந்த இடைவெளியை, அலையின் காலத்தைத்தான் கேட்பேன். அலையின் உயரத்தைக் கேட்கமாட்டேன். உயரம் ஏமாற்றும், காலம் ஏமாற்றாது. பக்கத்தில் வீசும் காற்று எழுப்புகிற அலை மூன்று நான்கு வினாடிக்கு ஒருமுறை வரும், ஆறு வினாடி என்றாலே கொஞ்சம் பெரிய காற்று. 18 வினாடி அலையைச் செய்ய, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த நீரில் புயல்காற்று நாட்கணக்கில் ஒரே திசையில் வீசியிருக்க வேண்டும். அன்று எங்களைச் சுற்றி எந்தப் பக்கத்திலும் அப்படியொரு காற்று இல்லை.

எங்கே இருந்தது? உலக வரைபடத்தில் கன்னியாகுமரியில் விரலை வைத்து நேர் தெற்கே இழுத்துக்கொண்டே போங்கள். மாலத்தீவுகள் மேற்கே ஒதுங்கிவிடும். நிலநடுக்கோட்டைத் தாண்டியும் நிலம் வராது. ஏறத்தாழ 5,100 கிலோமீட்டர் போன பிறகு, கன்னியாகுமரியின் அதே தீர்க்கரேகையில், ஆம்ஸ்டர்டாம் என்ற சின்னஞ்சிறு பிரெஞ்சுத் தீவு ஒன்று குறுக்கிடும். அதற்கும் தெற்கே தொடங்குவதுதான் மாலுமிகள் கேட்டாலே நடுங்கிய நாற்பதாம் அட்சரேகைக் காற்றுகளின் நாடு. அங்கே காற்றைத் தடுக்க மலையோ கண்டமோ கிடையாது. பூமியைச் சுற்றிச் சுற்றி மேற்கிலிருந்து வீசிக்கொண்டே இருக்கும். நமக்கு மே கோடையின் கடைசி. அங்கே அது குளிர்காலத்தின் வாசல். நம் கடல் மிகவும் அமைதியாக இருக்கும் அதே வாரங்களில் அந்தக் கடல் கொந்தளிக்கத் தொடங்குகிறது. நாங்கள் உல்லாசப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்த பருவமும் அந்த அலைகள் புறப்படும் பருவமும் ஒன்றாக இருந்தது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் சாய்ந்து சுற்றும் ஒரே பூமிதான் காரணம்.

இனி அந்த 18-ஐ வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ஆழ்கடலில் அலையின் நீளம் அதன் காலத்தின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 18 வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். அங்கே ஒரு முகட்டுக்கு அடுத்த முகடு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும்! கரைப்பக்கம் அது சுருங்கியிருந்தாலும், எங்கள் வள்ளத்தில் சரிவே தெரியாத அளவுக்கு நீளமாகத்தான் இருந்தது. அந்த முகடு ஆழ்கடலில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஆனால் தண்ணீர் ஓடுவதில்லை. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை என்று வைத்துக்கொண்டால், மேற்பரப்பில் இருக்கும் ஒரு துளி நீர் 18 வினாடிகளில் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். அதன் வேகம் வினாடிக்கு 20 சென்டிமீட்டர்கூட இல்லை. தென்கோடிப் புயல் தொட்ட நீர் அங்கேயே இருக்கிறது. அதன் ஆற்றல் மட்டும் குமரிக்கு வந்து சேர்கிறது.

இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. முகடு நூறில் ஓடினாலும், அலைக்கூட்டத்தின் ஆற்றல் அதில் பாதி வேகத்தில், மணிக்கு 50 கிலோமீட்டரில்தான் நகரும். ஒரு கூட்டத்தின் பின்முனையில் புதிய முகடு ஒன்று முளைக்கும், கூட்டத்தை ஊடுருவி முன்னேறும், முன்முனைக்கு வந்ததும் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். பின்னால் இன்னொன்று முளைத்துவிட்டிருக்கும். புயலில் பிறந்த முகடுகளில் ஒன்றுகூடக் கரைக்கு வந்து சேர்வதில்லை. மணிக்கு 50 என்றால் 5,100 கிலோமீட்டரைக் கடக்க நூறு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாங்கள் ஊரில் பை கட்டத் தொடங்கியதற்கும் முன்பே எங்களைத் தூக்கப்போகும் அலை கிளம்பிவிட்டிருந்தது.

காலம் அதிகமான அலை வேகமாகப் போகும் என்பதால் இன்னொன்றும் சாத்தியமாகிறது. அமீர்பேட்டிலிருந்து விஜயவாடாவுக்கு ஒரே நேரத்தில் கிளம்பிய இரண்டு பேருந்துகளின் வேகம் தெரிந்து, ஒன்றுக்குப் பின் ஒன்று எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதும் தெரிந்தால், விஜயவாடாவில் நிற்பவர் அமீர்பேட் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். அதேபோல 20 வினாடி அலைகள் முதலில் வந்து, 16 வினாடி அலைகள் ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகத் தாமதித்து வந்தால், புயல் ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் தள்ளி நடந்தது என்று கரையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க் 1963-இல் தம் குழுவினரோடு செய்து காட்டியது இதைத்தான். நியூசிலாந்தில் தொடங்கி, சமோவா, ஹவாய் வழியாக அலாஸ்கா வரை அளவுக் கருவிகளை வைத்து, தென்துருவக் கடலின் குளிர்காலப் புயல் அலைகளை அவர்கள் பசிபிக் முழுவதும் பின்தொடர்ந்தார்கள். புயல் பகுதியை விட்டு வெளியேறிய பிறகு அந்த நீண்ட அலைகள் ஆற்றலை ஏறக்குறைய இழப்பதே இல்லை என்பது அப்போது தெரியவந்தது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியும் களைக்காத ஒன்று! பல ஆண்டுகளுக்கு முன் படித்தது. இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

நடுக்கடலில் இந்த அலை யாரையும் ஒன்றும் செய்யாது. தொல்லை கரை நெருங்கும்போதுதான். அலையின் இயக்கம் அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை எட்டும். 500 மீட்டர் நீள அலைக்கு அது 250 மீட்டர். கண்டத்திட்டின் விளிம்பிலேயே அது தரையை உணர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும். ஐந்து மீட்டர் ஆழத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான். முன்னால் போவது தயங்க, பின்னால் வருவது நெருங்க, அரைக் கிலோமீட்டரில் பரந்திருந்த ஆற்றல் நூற்றிச் சொச்சம் மீட்டருக்குள் ஒடுங்குகிறது. எங்கள் வள்ளத்தைத் தாலாட்டிய அதே அலை மணலில் ஆளுயரத்துக்கு எழுந்து உடையும். உடைந்த பிறகும் நிற்காது. சாதாரண அலை இரண்டு மூன்று வினாடி ஏறித் திரும்பும் இடத்தில் இது எட்டு ஒன்பது வினாடி ஏறிக்கொண்டே இருக்கும், பிறகு அவ்வளவு நீரும் ஒரே இழுப்பாகப் பின்வாங்கும். போதாததற்கு, கூட்டங்கூட்டமாக வருவதால் நடுவே சில நிமிடங்கள் கடல் ஓய்ந்தாற்போல் கிடக்கும். விவரம் தெரியாதவர்கள் அந்த ஓய்வில்தான் காலை நனைக்க இறங்குகிறார்கள்.

குமரியிலும் கேரளத்திலும் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி தென் அட்லாண்டிக்கில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகி, 28-ஆம் தேதி தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு நகர்ந்தது. அது எழுப்பிய அலைகள் மே 4 வாக்கில் நம் கரையைத் தொடும் என்று ஹைதராபாத்திலிருந்து எச்சரிக்கை முன்னரே வந்தது. மே 6 காலையில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. நண்பர்களோடு கடல் பார்க்க வந்த பிள்ளைகள். மேலே புயல் இல்லை, மழை இல்லை. கரையில் நிற்பவரிடம் வரப்போகிறது என்று சொல்ல வானத்தில் எதுவுமே இல்லை. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, அலையின் காலத்தைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எச்சரிக்கை எப்படித் தயாராகிறது? தென்கடல்களின் மேல் வீசும் காற்றைச் செயற்கைக்கோள்களும் வானிலை மாதிரிகளும் தருகின்றன. கணினி அந்தக் காற்றிலிருந்து அலைகளைப் பிறப்பித்து, ஒவ்வொரு காலத்தையும் திசையையும் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்க்கிறது. கணித்தது சரிதானா என்று உரைத்துப் பார்க்க, கொல்லம், புதுச்சேரி, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் கடலில் அலைமானி மிதவைகள் நங்கூரமிட்டிருக்கின்றன. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள மஞ்சள் உருண்டை. உள்ளே முடுக்கமானி இருக்கிறது. தான் எவ்வளவு தூக்கப்பட்டோம், எந்தப் பக்கம் தள்ளப்பட்டோம் என்பதை அது இடைவிடாமல் பதிந்து அனுப்புகிறது. எங்கள் வள்ளம் அன்று செய்ததையேதான் அதுவும் செய்கிறது.

2020-இல் இன்காய்ஸ் இரண்டு சேவைகளைத் தொடங்கியது. ஒன்று கள்ளக்கடலுக்கான தனி முன்னறிவிப்பு. மற்றது சிறு படகுகளுக்கானது. 7 மீட்டர் வரை அகலமுள்ள கலங்களைக் கணக்கில் கொண்டது. வெறும் அலை உயரத்தை அது பார்ப்பதில்லை. அலை எவ்வளவு செங்குத்து, எத்தனை திசைகளிலிருந்து வந்து மோதுகிறது, காற்றலை எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதையெல்லாம் அந்தப் படகின் அளவோடு பொருத்தி, கவிழும் ஆபத்து இருக்கிறதா என்று சொல்கிறது. மூன்று மீட்டர் நீள்அலையில் நிம்மதியாக மிதக்கும் வள்ளம், ஒன்றரை மீட்டர் குறுகிய காற்றலையில் குப்புறக் கவிழலாம். மீனவர்கள் உடம்பால் அறிந்திருந்த இந்த வேறுபாட்டுக்குக் கணக்கு வடிவம் கொடுத்ததுதான் இந்தச் சேவையின் பெருமை என்று நினைக்கிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலியில் இன்காய்ஸ் தகவல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. எங்கள் வள்ளக்காரரின் போனிலும் அது இருந்தது. கிளம்புமுன் பார்த்திருக்கிறார், அன்று எச்சரிக்கை எதுவும் இல்லை.

கள்ளக்கடல் அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியவை சிலதான். கடற்கரைக்குப் பொழுதுபோக்காகப் போகக் கூடாது. துறைமுகத்தில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். வலையையும் எஞ்சினையும் மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். ஏற்கெனவே கடலில் இருப்பவர்களுக்கு ஆழமான நீரில் பெரிய ஆபத்து இல்லை. அலை உடையும் இடத்தைக் குறுக்கே கடந்து மணலில் ஏறுவதுதான் ஆபத்து. அதனால் அந்த நாளில் திறந்த கரையில் ஒதுங்காமல், அலைதடுப்புச் சுவர் உள்ள துறைமுகத்துக்குள் போய்விடுவது நல்லது. எச்சரிக்கை இல்லாத அந்த நாளிலும் எங்கள் வள்ளக்காரர் உடைகிற அலைகளுக்கு வெளியே எஞ்சினைத் தாழ ஓடவிட்டபடி காத்திருந்தார். ஒரு கூட்டம் முழுதும் கடந்து போகும்வரை பார்த்துவிட்டு, "இப்ப போலாம், கெட்டியா புடிச்சுக்கிடுங்க," என்று சொல்லி, கடைசி முகட்டின் முதுகோடு சேர்த்து வள்ளத்தைக் கரைக்கு விட்டார்.