யானைச் சந்திப்பு: பனிவழியே ஒரு கூட்டுப் பயணம்

முன்னுரை

பயணம் என்பது மாந்தர் கண்ட பழைமையான கல்வி முறைகளுள் ஒன்றாகும். தனித்துச் செல்வோர் உலகை அறிவர். கூடிச் செல்வோர் உலகோடு உடன் வருவோரையும் அறிவர். நடந்தும் கடல் கடந்தும் சென்ற காலத்திற்குப் பின், இருபதாம் நூற்றாண்டில் இளைஞர் கைக்கு எட்டிய ஊர்தியாக மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது வேகமே. ஆயின், அவ்வூர்தியில் நெடுந்தொலைவு செல்வதைப் பல்லாண்டுகளாகப் பழகிவரும் அன்பர் குழுக்கள் வேகத்தினும் மேலாக ஒன்றைப் போற்றி வருகின்றன. உடன் வருவோரைக் கைவிடாமையே அது. ஜெர்மனி நாட்டில் கடுங்குளிர் காலத்தில் நடைபெற்றுவரும் 'யானைச் சந்திப்பு' என்னும் கூட்டத்தையும், நண்பர்கள் அதனை நாடிச் செல்லும் முறையையும் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்க விழைகின்றோம்.

பெயரும் தோற்றமும்

இச்சந்திப்பை ஜெர்மானியர் 'எலஃபான்டன்டிரெஃபன்' என்பர். யானைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. நியூரம்பர்க் நகரைச் சார்ந்த சுண்டாப் நிறுவனம் 1950களில் 'கே.எஸ். 601' என்னும் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. ஏறத்தாழ 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், எதிரெதிராகக் கிடந்த இரண்டு உருளைகளும் கொண்ட வலிமையான எஞ்சின் அதற்கு இருந்தது. ஒருபுறம் இணைக்கப்பட்ட சைடு காரையும், அதில் அமர்ந்த ஆளையும், மூட்டை முடிச்சுகளையும் சளைக்காமல் இழுத்துச் சென்றது. அதன் வலிமையையும் பச்சை வண்ணத்தையும் கண்ட மக்கள் அதனைப் 'பச்சை யானை' என அழைக்கலாயினர்.

எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்னும் மோட்டார் துறை இதழாளர், இந்த 'யானை'களை வைத்திருந்தோரை 1956ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகிலுள்ள சாலிட்யூட் பந்தயப் பாதையில் ஒன்றுகூட அழைத்தார். அன்று வந்தோர் ஏறத்தாழ இருபது பேரே. பின்னர் மற்ற வண்டிகளை ஓட்டுவோரும் சேர்ந்துகொள்ளவே கூட்டம் பெருகியது. 1961 முதல் 1977 வரை நியூர்பர்க்ரிங் பந்தயக் களத்தில் நடைபெற்றபோது பல்லாயிரவர் திரண்டனர். அதன்பின் சில ஆண்டுகள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்ரிங்கில் நடைபெற்றது. 1989 முதல் பவேரியக் காட்டுப் பகுதியிலுள்ள துர்மான்ஸ்பாங் – சொல்லா என்னும் சிற்றூர்ப் பகுதி இதற்கு இடமாயிற்று. ஜனவரித் திங்களின் இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ நிகழும் இதனை, மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் ஜெர்மன் கூட்டமைப்பு நடத்தி வருகிறது.

குளிர்காலத்தைத் தேர்ந்தது ஏன் என்னும் வினா எழலாம். 1950களின் பிற்பகுதியில் ஜெர்மானியர் வசதி பெருகப் பெருகக் காருக்கு மாறினர். மோட்டார் சைக்கிள் வறியவர் ஊர்தி எனக் கருதப்பட்டது; அதனை உருவாக்கிய நிறுவனங்கள் பல நலிந்தன. அந்நிலையிலும் பனியில் வண்டியை விடாது ஓட்டியோர் ஒருவரையொருவர் காண விரும்பினர். கோடைக் கூட்டமாயின் வேடிக்கை பார்ப்போரும் வருவர். பனிக்காலக் கூட்டத்திற்கு வர வேண்டுமாயின் முன்னேற்பாடும் பொறுமையும் தேவை. எனவே பருவமே வருவோரைத் தெரிந்தெடுக்கும் சல்லடையாயிற்று எனலாம்.

குளிரின் கணக்கு

இச்சந்திப்பிற்கு இத்தாலி நாட்டினரும் பெருமளவில் வருகின்றனர். வடஇத்தாலியின் வெரோனா நகரிலிருந்து நண்பர் அறுவர் புறப்படுவதாகக் கொள்வோம். ஆல்ப்ஸ் மலைத்தொடரை ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரமுள்ள பிரென்னர் கணவாய் வழியே கடந்து, இன்ஸ்புருக், ரோசன்ஹைம், பாசாவ் நகர்ப் பகுதிகளின் ஊடே அவர்கள் செல்ல வேண்டும். மொத்தத் தொலைவு 550 கிலோமீட்டருக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். கோடையில் ஒரே நாளில் எளிதாகக் கடக்கலாம். பனிக்காலத்திலோ அதே தொலைவு வேறொரு பொருள் பெறுகிறது.

முதற்காரணம் காற்று. உடல் தன்னைச் சுற்றி மெல்லிய வெப்பப் படலம் ஒன்றைக் காத்துக்கொள்கிறது. வீசும் காற்று அதனைக் கலைத்துவிடுகிறது. வெப்பநிலை 0 பாகை செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று படும் தோல், கழித்தல் 10 பாகைக் குளிரை உணரும். வெப்பநிலை கழித்தல் 10 பாகையாயின், உணரப்படும் குளிர் ஏறத்தாழ கழித்தல் 24 பாகையாகும். முதலில் மரத்துப்போவன விரல்களே. பிரேக்கும் கிளட்சும் விரல்களின் ஆட்சியில் உள்ளவை என்பதை எண்ணினால் இதன் ஆபத்து விளங்கும்.

ஆதலின் இப்பயணிகள் ஒரே கனத்த ஆடையை நம்புவதில்லை. கம்பளி உள்ளாடை முதல் காற்றுப் புகா மேலாடை வரை அடுக்கடுக்காக அணிகின்றனர். பருத்தி உள்ளாடையை விலக்குகின்றனர். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகி உடலைக் குளிர்விக்கும். கைப்பிடிகளின் மேல் உறை மாட்டுகின்றனர். மது உடலைச் சூடாக்கும் என்னும் நம்பிக்கை பிழையானது. அது தோலடி இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடேறியது போன்ற உணர்வு மட்டுமே தோன்றும். உண்மையில் உடலின் உள்வெப்பம் வெளியேறிவிடும்.

பனியின் கணக்கு

இரண்டாம் காரணம் சாலை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 14 மீட்டருக்குள் நிறுத்தலாம். இறுகிய பனியில் அதற்கு 50 மீட்டரளவு வேண்டும். கண்ணாடி போன்ற பனிக்கட்டிப் பரப்பிலோ ஏறத்தாழ 100 மீட்டர் தேவைப்படும். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிமானம் குறைவதே இதற்குக் காரணம். திடீரெனப் பிரேக் பிடித்தாலும், திடீரென விசையைக் கூட்டினாலும், வளைவில் சாய்ந்தாலும் சக்கரம் வழுக்கும். வேகத்தை முன்கூட்டியே குறைத்து, எதனையும் மெல்லச் செய்வதே பனியில் ஓட்டும் முறையாகும்.

இரண்டு சக்கரங்களில் நிற்கும் வண்டி வழுக்கினால் விழும். சைடு கார் இணைத்த வண்டி மூன்று சக்கரங்களில் நிற்பதால் எளிதில் விழாது. இச்சந்திப்பில் சைடு கார் வண்டிகள் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். அவற்றின் பின்சக்கரத்தில் சங்கிலி கட்டிப் பனிமேட்டில் ஏறுவோரும் உளர். கூடாரமும் சமையற் கலமும் சைடு காரில் ஏறிவிடும்; நண்பருள் ஒருவரது வண்டி பழுதானால் அவருக்கும் இடம் கிடைக்கும்.

குழுவின் ஒழுங்கு

இனி நம் கருத்தின் மையத்திற்கு வருவோம். அறுவர் ஒன்றாகச் செல்லும்போது யாரை எங்கு நிறுத்துவது? வல்லவர் முன்னேயும் புதியவர் கடைசியிலும் வருவதே இயல்பென நாம் நினைப்போம். அஃது ஆபத்தானது.

ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இரண்டு வினாடி இடைவெளி எனக் கொள்வோம். அறுவருள் முதல்வருக்கும் கடையருக்கும் இடையே 10 வினாடி ஆகிறது. ஜெர்மன் ஊர்களுக்குள் மணிக்கு 50 கிலோமீட்டரே பொது வேக வரம்பு. அவ்வேகத்தில் செல்லுங்கால் இருவருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 140 மீட்டர். ஊர் எல்லையைத் தாண்டிய முதல்வர் 80 கிலோமீட்டர் வேகம் எடுக்கிறார். கடையர் அதே எல்லையை அடைவதற்குள் அத்தொலைவு 220 மீட்டராக நீண்டுவிடும். இது நேரக் கணக்கின் விளைவேயன்றிக் கடையரின் குறையன்று. ஆனால் அவர் தாம் பின்தங்கிவிட்டதாக அஞ்சி 90, 100 என விரைவார். குழுவில் திறன் குறைந்தவரே மிக வேகமாக ஓட்ட நேர்கிறது! விரையுமாறு அவரிடம் யாரும் சொல்லவில்லை. வரிசையின் அமைப்பே அவரை விரையச் செய்கிறது.

இதனை அறிந்தோர் வகுத்துள்ள நெறிகள் சிலவற்றைக் காண்போம்.

ஒன்று: திறன் குறைந்தவர் வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாமவராக வருவார். வழிகாட்டி கண்ணாடியில் அவரைப் பார்த்து வேகத்தை அமைப்பார். பழுது பார்க்கவும் முதலுதவி செய்யவும் வல்ல ஒருவர் கடைசியில் காவலாக வருவார்.

இரண்டு: நல்ல சாலையில் ஒருவர் தம் தடத்தின் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாக மாறி மாறிச் செல்வர். நேர் முன்னே செல்பவரோடு இரண்டு வினாடிக்குக் குறையாத இடைவெளி இருக்கும். வளைவிலும் பனியிலும் ஒற்றை வரிசையாகி இடைவெளியை மேலும் பெருக்குவர்.

மூன்று: ஒவ்வொருவரும் தமக்குப் பின்னே வருபவருக்குப் பொறுப்பாவர். அவர் கண்ணாடியில் தெரியவில்லையெனில் வேகம் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிற்பர். அவர் நின்றதைக் கண்டு அவர்க்கு முன்னவர் நிற்பார். இவ்வாறு செய்தி சொல்லாமலே முழுக் குழுவும் நின்றுவிடும்.

நான்கு: சிறிய பெட்ரோல் தொட்டி உடையவரின் அளவே குழுவின் அளவு. மற்றவர் தொட்டியில் மிகுந்திருப்பினும் அவருக்குத் தேவையான இடத்தில் அனைவரும் நிற்பர். குளிரில் நடுங்கும் ஒருவர் ஓய்வு கேட்டால் அதற்கும் இதுவே விதி.

இந்நெறிகள் அனைத்திலும் ஓடும் பொருள் ஒன்றே. குழுவின் வேகத்தை முடிவு செய்பவர் வல்லவர் அல்லர், எளியவரே.

சந்திக்கும் இடம்

இத்துணை இடர்ப்பட்டுச் சென்றடையும் இடத்தில் மாளிகையோ விடுதியோ வரவேற்பதில்லை. மலைச்சரிவுகள் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கினை 'சூனியக்காரியின் கொப்பரை' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். வந்தோர் பனியை ஒதுக்கி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் கூடாரம் அடிக்கின்றனர். விறகு மூட்டிக் குளிர் காய்கின்றனர். தாய்மொழி வேறாயினும் வண்டியைக் காட்டிக் கையசைத்து உரையாடுகின்றனர். புத்தம் புதிய வண்டியும், ஐம்பது ஆண்டு கடந்த வண்டியும், வீட்டுப் பட்டறையில் உருவான விந்தை வண்டியும் அருகருகே நிற்கின்றன. சனிக்கிழமை மாலையில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலமாகச் சென்று, சாலையில் உயிர் நீத்த ஓட்டுநர்களை நினைவுகூர்கின்றனர். கொண்டாட்டத்தின் நடுவே இறப்பை நினைக்கும் இவ்வழக்கம் பொருள் பொதிந்தது. பயணத்தை விரும்புவோரே அதன் ஆபத்தை நன்கு அறிந்தோராகவும் உள்ளனர்.

முடிவுரை

இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது அரசின் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர ஊர்திகளில் சென்றோர். இவர்களுக்காகக் காத்திருந்த இல்லங்களை எண்ணும்போது, நெடுஞ்சாலையில் நண்பரை முந்துவதை வீரம் எனக் கொள்வது எத்துணைப் பேதைமை என்பது விளங்கும். யானைச் சந்திப்பிற்குச் செல்வோரும் இளமை உணர்வு மிக்கவரே, துணிவு உடையவரே. ஆயின் அவர்தம் துணிவு முன்னேற்பாட்டிலும் நிதானத்திலும் வெளிப்படுகிறது.

விடுமுறையில் நண்பர்களோடு நெடும்பயணம் புறப்பட எண்ணும் மாணவர்களைத் தடுப்பது நம் நோக்கமன்று. செல்க, நாட்டைக் காண்க. புறப்படுமுன் அனைவரும் தலைக்கவசம் அணிந்துள்ளனரா எனப் பார்த்துக்கொள்க. குழுவில் மெதுவாக ஓட்டுபவர் யார் எனக் கேட்டறிந்து, அவரை இரண்டாவதாக நிறுத்திக்கொள்க. அவருடைய வேகமே அனைவரின் வேகமாகட்டும். புறப்பட்ட அறுவரும் குறையின்றித் திரும்பும் பயணமே நற்பயணம் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் இளையோர்க்கு எடுத்துரைப்பது கடமையாகும்.