இணையத்தை மெலியச் செய்யும் ஸ்பிளிட்டர்

தருமபுரி, அரூர், பாலக்கோடு முதலிய ஊர்களில், தொலைக்காட்சிக்கென வீட்டினுள் வந்த கேபிளிலேயே இணையத்தையும் பெறுவோர், மோடம் அடிக்கடி ஸ்தம்பிக்குமாயின், கேபிள்காரரை அழைக்கு முன்னர், கேபிளைப் பல வழிகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைப் பரிசோதிப்பது உத்தமம். வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் பாதி நீரே ஓடுவது போல, இருவழி ஸ்பிளிட்டரின் ஒவ்வொரு முனையிலும் சமிக்ஞை ஏறத்தாழ 3.5 டெசிபல் நஷ்டத்துடனும், நால்வழியில் 7 டெசிபல் நஷ்டத்துடனும் வெளிப்படுகிறது. மோடம் திருப்பியனுப்பும் சமிக்ஞைக்கும் அதே நஷ்டம் நேர்வதால், மோடம் அதிக சக்தியைச் செலவிட வேண்டியதாகிறது.

ஆதலால், ஸ்பிளிட்டரை நீக்கி மோடத்தைக் கேபிளில் நேரடியாகப் பொருத்திப் பாருங்கள். இணையம் சீரானால், குற்றம் பெரும்பாலும் ஸ்பிளிட்டரிலோ அதன் இணைப்புகளிலோ இருக்கும். பின்னர் நல்ல இருவழி ஸ்பிளிட்டரொன்றை முதலில் வைத்து, ஒரு முனையை மோடத்திற்கே அளித்து, மறுமுனையிலிருந்து தொலைக்காட்சிகளுக்குப் பிரியுங்கள். காலியான முனைகளை 75 ஓம் டெர்மினேட்டரால் மூடிவிடுங்கள்.