கிராங் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆனது. அதுவரை கொழும்பு பழைய கார்களை நம்பியே ஓடியது. கிருலப்பனையில் ஒரு கராஜுக்கு இன்று டொயோட்டா வரும், நாளை மிட்சுபிஷி, மறுநாள் ஹொண்டா. பாகங்களைப் பஞ்சிகாவத்தையில் வாங்கிவிடலாம். ஆனால் முன்பின் பழகாத எஞ்சினைத் திரும்பப் பூட்டும் மெக்கானிக் பாஸுக்குப் பெரிய சோதனை டைமிங் பெல்ட்தான்.

தையல் இயந்திரத்துக்காக அமெரிக்காவில் உருவான பல்லுள்ள பட்டி இது. பெருமளவில் தயாரான கார்களில் 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004இல் எஞ்சினுக்குள் வந்தது. பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைப்பது இதுதான். உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் என்ற நான்கு அசைவும் முடிய கிராங் இரண்டு தரம் சுற்றும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு தரம்தான் திறக்க வேண்டும். எனவே கேம் ஒரு தரமே சுற்றும். கிராங் சக்கரத்தில் 24 பல் என்றால் கேம் சக்கரத்தில் 48. ஒரு பல் தவறினால் கிராங் கணக்கில் 15 பாகை பிசகும். எஞ்சின் இழுக்காது, நடுங்கும். பிசகு கூடினால், பல எஞ்சின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும்.

வேலை ஒன்றாம் சிலிண்டரில் தொடங்குகிறது. பிளக்கைக் கழற்றி, அமுக்கம் முடியும் வேளையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். வெளியேற்றம் முடியும்போதும் பிஸ்டன் உச்சிக்கு வரும் என்பதால் கிராங் குறியை மட்டும் நம்பக்கூடாது. கேம் குறியும் தன் இடத்தில் நிற்க வேண்டும். பல எஞ்சின்களில் வெளிப் புல்லியில் உள்ள கோடுகள் பற்றவைப்புக்கானவை. பெல்ட்டுக்கான குறி உள்ளே பல்சக்கரத்தில் இருக்கும். பெல்ட்டை மாட்டும்போது தொய்வு முழுவதும் அதை இறுக்கும் டென்ஷனர் பக்கம் சேர வேண்டும்.

ஒரு எஞ்சினில் கற்றது இன்னொன்றில் காலை வாரும். பெரும்பாலான எஞ்சின்கள் வலஞ்சுழியாகச் சுற்ற, தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக் இடஞ்சுழியாகச் சுற்றும். டொயோட்டா 2சி டீசலில் எரிபொருள் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது; அந்தக் குறியையும் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி 4ஜி63இல் ஒயில் பம்ப் குறி பொருந்தியிருந்தும் அதோடு சுற்றும் சமநிலைத் தண்டு மாறி நிற்கலாம். பிளொக்கின் பக்கத் துளைக்குள் 8 மி.மீ. கம்பி 60 மி.மீ. ஆழம் இறங்கினால்தான் சரி. பாதியில் தட்டினால் பம்ப் சக்கரத்தை இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த எஞ்சினுக்குரிய கையேட்டைப் பார்ப்பது எந்த பாஸுக்கும் குறைவல்ல.

கடைசிச் சோதனைக்குக் கை போதும். ஸ்பானரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கை மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எங்காவது தடுத்தால் பலம் போடக்கூடாது. வால்வில் பிஸ்டன் முட்டியிருக்கலாம். தடையின்றிச் சுற்றி, குறிகள் மீண்டும் நேருக்கு நேர் வந்தால்தான் வேலை முடிந்தது.

உங்கள் கார் எஞ்சினைப் பூட்டும் பாஸ் இந்த இரண்டு சுற்றுக்காக நேரம் எடுத்தால் அவசரப்படுத்தாதீர்கள். அதற்கு முன் சாவியைத் திருப்பவும் விடாதீர்கள்.